மைசூர் வாளும் ஒரு பாக்குவெட்டியும்

மைசூர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன சந்தனமும், பட்டும், மைசூர்ப்பாகும், பிருந்தாவனப் பூங்காவின் விளக்கொளியும் ஆகும். சென்ற நவராத்திரி விடுமுறையில் குடும்பத்தோடு அந்நகருக்குப் புறப்பட்ட நாங்களும் இவற்றைக் கண்டு களிக்கவே சென்றோம். ஆயினும், திரும்பி வருகையில் எங்கள் உள்ளத்தை நிறைத்திருந்தவை வாளும் கேடயமுமே. அதன் காரணத்தைச் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இச்சிறு கட்டுரை.

இன்று நாம் காணும் அரண்மனை, பழைய மர அரண்மனை 1897ஆம் ஆண்டு தீக்கிரையான பின் எழுப்பப்பட்டு, 1912இல் நிறைவுற்றது. இதற்குப் படம் வரைந்த ஹென்றி இர்வின் என்பாரே சென்னை எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூல்நிலையத்தையும் அமைத்தவர். மகாநவமியன்று அரச குலத்துப் பட்டத்துக் கத்தியும் ஏனைய ஆயுதங்களும் அரண்மனை வளாகத்துச் சோமேசுவரர் கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டுத் தூய்மை செய்யப்பெற்று, மீண்டும் அரண்மனைக்கு வந்து பூசை ஏற்கின்றன. நம் வீட்டு அரிவாள்மணைக்கும் தையல் எந்திரத்துக்கும் நாம் சந்தனமும் குங்குமமும் இடும் அதே நாளன்றோ அது!

அரண்மனை ஆயுதசாலையைச் சேர்ந்த படைக்கலங்களுள் இடைக்கச்சைபோல் வளைத்துக் கட்டத்தக்க வாள் ஒன்றுண்டு. 1638 முதல் 1659 வரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராச உடையாருடையது அது என்பர். வழிகாட்டி இதனைச் சொல்லக் கேட்ட எங்கள் மகள், "அப்பா, அவர் யாரோடு போர் செய்தார்?" என்று வினவினாள். "நம்மவரோடுதான்" என்றோம். அம்மன்னரின் படை மதுரை நாட்டில் புகுந்து, அகப்பட்டவரின் மூக்கையெல்லாம் அறுத்த கொடுமை வரலாற்றில் மூக்கறுப்புப் போர் எனப்படுகிறது. நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்கு இராமநாதபுரத்துச் சேதுபதி துணை வந்தார். மைசூர்ப் படை பின்வாங்கியது. துரத்திச் சென்ற மதுரைப் படையும் மைசூர் நாட்டில் அதே கொடுமையைச் செய்தது. இவையெல்லாம் நமக்கு எவ்வாறு தெரியும்? வாள் வாய் திறந்து சொல்லவில்லை. அக்காலத்து யேசு சபைப் பாதிரிமார் எழுதிய கடிதங்கள் சொல்லின.

படைக்கலத்துக்கு வாய் தந்தவர் ஒருவரை இங்கு நினைக்க வேண்டும். வில்பிரகாம் எகர்ட்டன் என்னும் ஆங்கிலப் பிரபு 1855இல் நம் நாட்டில் பயணம் செய்து, பழைய ஆயுதங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். அடுத்து வந்த 1857ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் மக்களிடமிருந்து ஆயுதங்கள் பறிக்கப்பட்டன; 1878இல் ஆயுதச் சட்டமும் வந்தது. நாடெங்கும் வாட்கள் பழைய இரும்பாகிக் கொண்டிருந்த அக்காலத்தில், 1880இல் இந்திய ஆயுதங்களை நாடு வாரியாகவும் வகை வாரியாகவும் பிரித்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். 1896இல் அது விரிவுற்று மறுபதிப்பாயிற்று. 1909இல் அவர் மறைந்தார். அவர் நூலை ஆராய்ச்சியாளர் இன்றும் புரட்டுகின்றனர். ஆண்டவர் பெற்ற வாய்ப்பு அவருக்கு இருந்தது உண்மையே. ஆயினும், சேர்த்ததோடு நில்லாமல் எழுதியும் வைத்தாரே, அதுவே அவர் பெருமை.

மறுநாள் சீரங்கப்பட்டணம் சென்றோம். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் 1780ஆம் ஆண்டுப் புள்ளலூர்ப் போர் வண்ண ஓவியமாக விளங்குகிறது. புள்ளலூர் நம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள சிற்றூர். அங்கு ஐதர் அலியின் படையிடம் சிறைப்பட்ட பேர்டு என்னும் படைத்தலைவர் இச்சீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக் கணக்கில் விலங்கிடப்பட்டிருந்தார். அவரே 1799 மே 4ஆம் நாள் இக்கோட்டைமீது பாய்ந்த படையை நடத்தி வந்தார். அன்று திப்பு வீழ்ந்தார்; கருவூலம் சூறையாயிற்று; திப்புவின் வாள் ஒன்று பேர்டுக்குப் பரிசாயிற்று. அவ்வாள் 2023 மே மாதம் இலண்டனில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அத்தனை பொருளும் எஃகுக்கும் பொன் பிடிக்கும் மட்டுமா? கைம்மாறிய வரலாறு அறுபடாமல் உடன் வந்ததே, அதற்கன்றோ!

வரலாறு அறுந்த பொருளின் கதி வேறு. மைசூர்ப் படையின் இரும்புக் குழல் ஏவுகணைகள் புள்ளலூரில் ஆங்கிலேயரைக் கலங்கச் செய்தவை. இரும்புக் குழலுக்குள் மருந்தின் விசை மிகுந்து நிற்குமாதலால், அவை நெடுந்தொலைவு பாய்ந்தன. சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரின் பாழுங்கிணற்றில் 2002ஆம் ஆண்டிலேயே இத்தகைய குழல்கள் கிடைத்தும், இன்னவை என்று அறியப்படாமல் பத்தாண்டுக்கு மேல் கிடந்தன. அறிந்த பின் அதே கிணற்றை மீண்டும் தோண்ட, 2018இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. பெயர் தெரியாதவரை அவை வெறும் துருப்பிடித்த இரும்பே.

இவ்வெண்ணத்தோடு வீடு திரும்பிய நாங்கள் பரணிலிருந்த பித்தளைப் பாக்குவெட்டியை இறக்கினோம். பிறந்த ஊரை விட்டு வந்தபோது பெட்டியில் உடன் வந்தது அது. "இது யாருடையது?" என்று மகள் கேட்டாள். எங்களுக்கே தெரியவில்லை! ஊரிலுள்ள அத்தையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். "உன் கொள்ளுப்பாட்டி கல்யாணச் சீராகக் கொண்டு வந்தது. எந்த ஊரில் செய்தது என்பதைப் பெரிய அண்ணாதான் சொல்வார்" என்றார். பெரிய அண்ணாவோ மூன்றாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

தெரிந்த பாதியை மகள் ஒரு குறிப்பேட்டில் ஆண்டோடு எழுதினாள்; மறு பாதிக்கு இடம் விட்டிருக்கிறாள். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு குத்துவிளக்கோ, படியோ, அரிவாளோ இருக்கும். அதன் கதையை அறிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.