சந்தாப் பேரேடு

அந்தப் பேரேட்டை இன்னொரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீளவாட்டில் தைத்து, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய கணக்கு நோட்டு. மதுரையில் ஒரு சந்துக்குள், மாடி அறையில் நடந்த மாதமிருமுறை இதழ் ஒன்றின் சந்தாதாரர்கள் அத்தனை பேரும் அதற்குள் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது ஆசிரியர் என் கையில் கொடுத்தது அதைத்தான். கட்டுரை எழுதும் ஆசையோடு போயிருந்தேன். "தம்பி, முதல்ல யாருக்கு எழுதப் போறோம்னு தெரிஞ்சுக்கங்க" என்றார். பல மாதங்கள் முகவரி மட்டுமே எழுதினேன்.

மாவட்டவாரியாகப் பக்கம் பிரித்திருக்கும். பெயர், கதவு எண், தெரு, அஞ்சல், சந்தா தொடங்கிய மாதம், முடிகிற மாதம். முடிந்தவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி. புதுப்பித்துவிட்டால் புள்ளியைச் சுற்றி நீல வட்டம். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஆசிரியர் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். 'கூட்டுறவு சங்கக் கணக்கர், நெசவு பற்றிக் கேட்கலாம்.' 'ஓய்வுபெற்ற சர்வேயர், கண்மாய் விவரம் தெரிந்தவர்.' 'கோபக்காரர், சொன்னால் சரியாக இருக்கும்.' ஒரு பத்திரிகை தன் வாசகரை இந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருந்ததை அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் பார்க்கவில்லை. அவற்றில் சில மிகப் பெரிய இடங்கள்.

இதழ் அச்சாகி வருகிற நாளில் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிடுவோம். மைதாப் பசை காய்ச்சி, பழுப்புத் தாளைப் பட்டையாகக் கிழித்து, மடித்த இதழைச் சுற்றி ஒட்ட வேண்டும். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது பத்திரிகைதானா என்று தபால்காரர் பார்க்க முடியாவிட்டால் சலுகைக் கட்டணம் கிடைக்காது. பதிவுபெற்ற இதழைக் குறித்த தேதியில், குறித்த அஞ்சலகத்தில்தான் சேர்க்க வேண்டும். தேதி தவறினால் முழுத் தபால்தலை ஒட்ட வேண்டும், அதற்கு எங்களிடம் காசு இருக்காது. ஊர்வாரியாகக் கட்டிய கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ரயில்வே ஜங்ஷனில் இருந்த ஆர்.எம்.எஸ். அஞ்சல் பிரிப்பகத்துக்கு ஓடுவோம். அங்கே பிரித்தடுக்கும் ஊழியர்களில் ஒருவர் எங்கள் சந்தாதாரர். தன்னுடைய பிரதியை அங்கேயே எடுத்துக்கொள்ள மாட்டார். முகவரிக்கு வந்துதான் படிப்பார். அதுதான் முறை என்பார்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் 'தோல்ஷாப்பு'களின் கழிவு கிணறுகளில் இறங்கியதைப் பற்றி அந்த இதழ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. நாளிதழ்களில் அது அப்போது மூலைச் செய்திகூட இல்லை. அடுத்த வாரம் வந்த கடிதங்களை நான்தான் பிரித்தேன். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒருவர் முழுத்தாளில் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார். திண்டுக்கல்லோடு நின்றுவிட்டீர்களே, பாலாற்றங்கரைக்கு வாருங்கள் என்று தொடங்கி, தன் தெருவில் எந்தக் கிணறு எந்த ஆண்டில் உப்பானது என்று வரிசையாகப் பட்டியல் போட்டிருந்தார். இன்னொரு கடிதம் ஒரு தோல்ஷாப்புத் தொழிலாளி யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியது. தண்ணீரைப் பற்றி எழுதியது சரி, நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற என் காலைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று கேட்டிருந்தார். ஆசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். மறுநாள் காலை நிருபர் திண்டுக்கல் பஸ் ஏறினார். அடுத்த இதழ் முழுவதும் அந்தத் தொழிலாளர்களின் கைகால்களைப் பற்றியது.

1996 ஆகஸ்டில் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை நம் சட்டத்தின் பகுதியாக அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. நாடு முழுக்கப் பேசினார்கள். எங்கள் சந்தாதாரர்களுக்குத் தோல் கழிவின் கதை பல வருடங்களாகத் தெரிந்த சங்கதி. அவர்களில் சிலர் அதை எங்களுக்கே சொல்லிக் கொடுத்தவர்கள்.

ஒரு சந்தாவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்பதைப் பேரேடு காட்டாது. படிப்பகங்கள் உயிரோடு இருந்த காலம் அது. ஓடு வேய்ந்த ஒரு அறை, நடுவில் நீள மேசை, இரண்டு பெஞ்சு, சுவரில் தலைவர் படம். கட்சிக்காரர்கள் வைத்தது, மன்றத்தார் வைத்தது, ஊர்ப்பொது என்று எல்லாம் உண்டு. விருதுநகர்ப் பக்கம் ஒரு படிப்பகத்துக்கு நான் போனபோது எங்கள் இதழின் முனைகள் மடங்கி, நடுப்பக்கம் பிரிந்து, ஊசியால் தைத்து வைத்திருந்தார்கள். எழுத்துத் தெரியாத இரண்டு பெரியவர்களுக்கு ஒரு பையன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்டார்கள். பையனுக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொன்னார், அது தப்பு என்றார் மற்றொருவர். கட்டுரை முடிய ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் இருந்த சனசமூக நிலையங்களிலும் இதேதான் நடந்தது என்று அங்கிருந்து வந்த நண்பர்கள் சொல்வார்கள். 1981-இல் யாழ் நூலகத்தை எரித்தவர்கள் 'ஈழநாடு' அலுவலகத்தையும் சேர்த்தே எரித்தார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதே ஊரிலிருந்து 'சாட்டர்டே ரிவ்யூ' என்ற ஆங்கில வார இதழ் வெளிவந்தது. சாம்பலுக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகையைத் தொடங்க, தைரியமான ஆசிரியர் மட்டும் போதாது. காத்திருந்து படிக்கிற ஊர் ஒன்றும் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மணியார்டர் வருகிற நேரம். பாரத்தின் அடியில் ஒரு துண்டு இருக்கும். அனுப்புகிறவர் நாலு வரி எழுதலாம், பணம் வாங்குகிறவர் கிழித்து வைத்துக்கொள்ளலாம். கூப்பன் என்போம். அந்த நாலு வரிக்குள் மனிதர்கள் என்னென்னவோ எழுதினார்கள். 'பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது, இனி அவனுக்கும் ஒரு சந்தா.' 'மாற்றலாகிப் போகிறேன், புது முகவரி பின்னால் வரும், அதுவரை என் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.' 'சென்ற இதழில் கரும்பு விலை தவறு. மற்றபடி நன்று.' ஒரு அம்மா, கணவர் இறந்துவிட்டதாகவும், அவர் பெயரிலேயே தொடர்ந்து அனுப்பும்படியும் எழுதியிருந்தார். பேரேட்டில் அந்தப் பெயர் கடைசி வரை மாறவில்லை. இன்று சந்தா ஒரு நொடியில் கைபேசி வழியே வந்து சேர்கிறது, அதிலும் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அது வெறுமையாகவே வருகிறது. பணம் வந்துவிடுகிறது, அனுப்பியவர் வருவதில்லை.

வாசகரோடு இப்படிப் பத்திரிகை நடத்துவது மதுரைச் சந்துக்காரர்கள் கண்டுபிடித்த வழி அல்ல. 1906-இல் தொடங்கிய பாரதியின் 'இந்தியா' சந்தா விகிதத்தையே படிப்படியாக வைத்தது. அரசாங்கத்தாருக்கு ஆண்டுக்கு 50 ரூபாய், ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30, மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ளவர்களுக்கு 15, மற்றவர்களுக்கு 3. யாரால் எவ்வளவு தாங்க முடியும் என்று யோசித்து நிர்ணயித்த விலை அது. பின்னால் இதழ் புதுச்சேரிக்குப் போனது. அச்சகம் பிரெஞ்சு எல்லைக்குள், வாசகர்களோ பிரிட்டிஷ் இந்தியாவில். உள்ளே வரவிடாமல் ஆங்கில அரசு தடுத்ததும் 1910-இல் இதழ் நின்றது. ஆசிரியரைப் பிடிக்க முடியாத அரசு வாசகரிடமிருந்து அவரைப் பிரித்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது, 2000 பிரதிக்கு மேல் அச்சிட மாட்டேன், கடையில் கிடைக்காது, சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார். அந்த எண்ணிக்கையை அது எட்டவே இல்லை. அவர் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். 'எழுத்து' இலக்கிய இதழ், செய்தி இதழ் அல்ல. ஆனாலும் தமிழில் புதுக்கவிதையும் விமர்சனமும் வேரூன்றியதில் அதன் சில நூறு சந்தாதாரர்களுக்குப் பெரும் பங்குண்டு.

அமெரிக்காவில் ஐ.எஃப். ஸ்டோன் 1953-இல், வேலை பார்த்த பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடிப்போன பிறகு, தனியாளாக ஒரு வாராந்தரி தொடங்கினார். மூடிய பத்திரிகைகளின் சந்தாதாரர் பட்டியலை வாங்கி அவர்களுக்குக் கடிதம் போட்டார். 5,300 பேர் ஆளுக்கு 5 டாலர் அனுப்பினார்கள். அவர் அரசாங்க அறிக்கைகளை வரிவரியாகப் படித்து எழுதினார், அலுவலகக் கணக்கை மனைவி எஸ்தர் பார்த்துக்கொண்டார். 1971-இல் நிறுத்தும்போது சந்தாதாரர்கள் ஏறக்குறைய 70,000 பேர், சந்தா அப்போதும் அதே 5 டாலர். இந்த வளர்ச்சிக்குப் பதினெட்டு வருடத்துக்கும் மேல் பிடித்தது என்பதை இன்று பத்திரிகை தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் இதழ் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. தாள் விலை ஏறியது. கடைகளுக்குப் போனால்தான் பிழைக்கலாம் என்று பணம் போட்டிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். முகவர்களுக்குக் கமிஷன், விற்காத பிரதிகள் திரும்பி வந்தால் அந்த நஷ்டம், வண்ண அட்டை, அட்டையில் யாருடைய முகம் என்ற விவாதம். பிரதிகள் கூடின. முகவர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கியும் கூடியது. கடையில் தொங்குகிற இதழை வாங்குகிறவர் அந்த ஒரு இதழோடு போய்விடுவார், அவர் பெயரை எங்கே எழுதுவது? தலைப்புகள் உரக்கக் கத்தத் தொடங்கின. கடிதங்கள் குறைந்தன. வந்தவையும் 'அருமை', 'மோசம்' என்று ஒற்றைச் சொல்லில் நின்றன. கடைசியில் மூடினார்கள்.

மூடியபோது ஆசிரியர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொருவருடைய மீதிச் சந்தாவையும் கணக்குப் பார்த்து மணியார்டரில் திருப்பி அனுப்பச் சொன்னார். 7 ரூபாய், 11 ரூபாய் என்று சிறு தொகைகள். அவற்றில் பல, 'பெற மறுத்தார்' என்ற தபால்காரரின் குறிப்போடு எங்களிடமே திரும்பி வந்தன. அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் ஆசிரியர் அன்று உடைந்துபோனார்.

ஆழமாக எழுதுகிறவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்களால் போக முடியாத இடங்களுக்கு இன்றைய இளம் நிருபர்கள் போகிறார்கள். ஒரு மீனவர் குப்பத்தில் மாதக்கணக்கில் தங்கி எழுதுகிறார்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு ஆவணம் வாங்குகிறார்கள். அவர்கள் எழுதியது பிறகு என்ன ஆகிறது? யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, யாரோ பாதி படித்து, இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். எந்த இதழில் வந்தது, எழுதியவர் யார் என்பதெல்லாம் மூன்றாவது கையிலேயே உதிர்ந்துவிடுகிறது. எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும். அவர்களில் சர்வேயர் யார், கணக்கர் யார், கிணற்றின் கதை தெரிந்தவர் யார் என்று தெரியாது. எனக்கு ஏக்கமாக இருப்பது இந்த இடத்தில்தான். நல்ல வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

சுயமாக ஒரு இதழ் நடத்த வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முதல் ஐந்நூறு பேரை நீங்களே ஊர் ஊராகப் போய்ச் சந்தாதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியவருக்கெல்லாம் பதில் போடுங்கள், கோபமாக எழுதியவருக்கு முதலில். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கி அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கிற உங்களிடம் கேட்பது இது. நீங்கள் நம்புகிற ஒரு சின்ன இதழுக்கு இந்த மாதமே ஓராண்டுச் சந்தா கட்டுங்கள். நல்ல கட்டுரை வந்தால் வீட்டில் ஒருவருக்காவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதில் தவறிருந்தால், உங்கள் ஊரில் நடந்தது வேறாக இருந்தால், ஆண்டும் இடமும் குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள்.