தட்டும் அட்டையும்

கலைப்பீடத்து மாணவி ஒருத்திக்குத் திருப்புளியோடு என்ன தொழில் என வினவுவோர் உளர். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் நான், சென்ற விடுமுறையின் பெரும்பகுதியை வடமராட்சியிலுள்ள பெரியப்பா வீட்டில், பழைய கணினியொன்றின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கழித்தேன். அதற்கான நியாயத்தைக் கூறுதல் என் கடன்.

கொழும்பில் அரச எழுதுவினைஞராயிருந்த காலத்தில், 1996 ஆம் ஆண்டு, பெரியப்பா அக்கணினியை வாங்கினார். 2002 இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டதும் ஓய்வூதியத்தோடும் கணினியோடும் ஊர் திரும்பினார். அதன்பின் அவர் செய்த வேலை ஒன்றே. சைக்கிளில் ஊரூராகச் சென்று முதிய பெண்களிடம் ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டுக் கொப்பியில் எழுதுவார். இரவில் அவற்றைப் பாமினி எழுத்துருவிற் கணினியில் ஏற்றுவார். கொப்பிகளைக் கறையான் தின்றது. பிரதியெடுத்து வைத்த நெகிழ்வட்டுக்களிற் பூஞ்சணம் படர்ந்தது. பாடிய பெண்களுள் இன்று உயிரோடிருப்போர் மிகச் சிலர். ஆக, அப்பாடல்கள் யாவும் 420 மெகாபைட் கொண்ட ஒரு வன்தட்டில் மட்டுமே எஞ்சியிருந்தன. அத்தட்டோ, ஆட்டுக்கல்லில் மணல் விழுந்தாற்போல அரைபடத் தொடங்கியிருந்தது.

"கோப்புக்களைப் புதிய மடிக்கணினிக்கு மாற்றிவிட்டாற் போதாதா?" என்று விஞ்ஞான பீடத்து நண்பி ஒருத்தி கேட்டாள். போதாது. பிள்ளைகள் கனடாவிலிருந்து அனுப்பிய மடிக்கணினி இன்றும் பெட்டியோடு இருக்கிறது. கண்ணிற் புரை படர்ந்தபின் பெரியப்பா விரல்களாலேயே எழுதுகிறார். அவ்விரல்களுக்குத் தெரிந்தது அந்த விசைப்பலகையும் அந்த விண்டோஸ் 95 திரையுமே. அவர் இன்னும் எழுதுகிறார் என்பதே முக்கியம். ஆகவே பாடல்களையும் காக்க வேண்டும். இயந்திரமும் நடக்க வேண்டும்.

வன்தட்டின் இயல்பை அறிந்தபோது, அது இத்தனை காலம் பிழைத்ததே எனக்கு வியப்பாயிற்று. 1956 இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதலாவது வன்தட்டு, 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களைக் கொண்டிருந்தும், ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே தாங்கியது. பின்னர் தட்டுக்கள் உள்ளங்கையளவாகச் சுருங்கின. தத்துவம் மட்டும் மாறவில்லை. சுழலும் தட்டின்மீது, மயிரிழையினும் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்தபடி ஒரு தலை படிக்கிறது. நெடுநாள் நிறுத்தி வைத்தால் தலை தட்டோடு ஒட்டிக்கொள்வதுண்டு. மின் தடைப்பட்டு மீளுந்தோறும் மோட்டார் புதிதாய்த் திமிறியெழ வேண்டும். வடமராட்சியின் உவர்க்காற்றையும் மின்தடையையும் அது சகித்தமை பெரிது.

அதனிடத்தில் நாம் பொருத்த எண்ணியது கொம்பாக்ட் பிளாஷ் எனப்படும் நினைவக அட்டை. 1994 இற் சான்டிஸ்க் நிறுவனம் இதனை அறிமுகஞ் செய்தது. புகைப்படக் கருவிகளிற் பெரிதும் பயன்பட்டது. இதன் சிறப்பு யாதெனில், பழைய வன்தட்டுப் பேசும் அதே மொழியை இதுவும் பேசும் என்பதே. இடையே மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. அட்டையின் 50 துளைகளைக் கணினி வடத்தின் 40 முனைகளோடு இணைக்கும் சிறு பலகையொன்று போதும்.

ஆயினும் முதலிற் பிரதியெடுக்க வேண்டும். தட்டு மீண்டும் எத்தனைமுறை சுழலும் என்பது ஐயம். நண்பி, டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருளை இயக்கினாள். அது நல்ல பகுதிகளை முதலில் வாரியெடுத்துக்கொண்டு, பழுதுற்றவற்றிடம் பின்னர் பொறுமையோடு திரும்பிச் செல்லும். அன்றிரவு முழுவதும் அத்தட்டின் முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சி. வை. தாமோதரம்பிள்ளையின் நினைவே எழுந்தது. தொட்டால் உதிரும் ஏடுகளைக் குறித்துக் கலித்தொகைப் பதிப்புரையில் அவர் வருந்தியதை விரிவுரையிற் கேட்டபோது, அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் துயர் என்றே எண்ணியிருந்தேன்.

விடியலிற் கணக்கு வந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரிவுகளுள் 41 மாத்திரம் படிக்க முடியாதவை. பெரும்பாலானவை வெற்றிடங்களிலும் விண்டோசின் கோப்புக்களிலும் விழுந்திருந்தன. ஒன்று மட்டும் ஓர் ஒப்பாரியின் நடுவில். ஒரு பிரிவு 512 பைட்டுகள். பாமினியில் எழுதிய தமிழுக்கு அது ஏறத்தாழப் பன்னிரண்டு வரி.

அட்டையைத் தேடுவதும் எளிதாயிருக்கவில்லை. கடைகளில் இன்றுள்ளவை அனைத்தும் மிகப் பெரியவை. இக்கணினியோ 1024 உருளை, 16 தலை, 63 பிரிவு என்னும் பழைய கணக்குக்கு அப்பால், அதாவது 504 மெகாபைட்டுக்கு அப்பால், எண்ண அறியாதது. முடிவிற் பழைய படக்கருவியொன்றிலிருந்து 512 என்று பொறித்த அட்டை கிடைத்தது. உற்பத்தியாளர் 1024 ஆற் கணக்கிடாது ஆயிரத்தாற் கணக்கிடும் சிக்கனத்தால் அது எல்லைக்குள் அடங்கிற்று! வியாபாரிகளின் குறைநிறையால் நன்மை விளைந்த இடம் இதுவொன்றே என நினைக்கிறேன். அட்டையும் சாசுவதமானதன்று, மீள மீள எழுதினால் அதன் கலங்கள் தேயும். குறைந்த நினைவகமுள்ள விண்டோஸ் ஓயாது தட்டில் எழுதுவது. ஆதலால் இன்னோர் அட்டையிலும் அதே பிரதியை ஏற்றி அலுமாரியில் வைத்தோம். பாடல்களை யுனிகோட்டுக்கு மாற்றும் பணியையும் நான் தொடங்கியுள்ளேன். பாமினி இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றல்லவா தோன்றுகிறது!

எல்லாம் பூட்டி முடித்து மின்னைத் தொடுத்தோம். கதிரையில் அமர்ந்திருந்த பெரியப்பா சற்றுப் பொறுத்து, "ஏன் பிள்ளை, இன்னும் போடேல்லையோ?" என்றார். திரையில் விண்டோஸ் ஏற்கனவே வந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக அவர் கணினியைக் காதாலேயே அறிந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தட்டு உறுமி எழும், பின் தணியும், அதன்பின் எழுதலாம். இப்போது எந்த அறிகுறியும் இல்லை.

அந்த ஒப்பாரியைத் திறந்து, வெறுமையான இடத்தைக் காட்டினேன். பாடியவர் 2009 இல் மகனை இழந்த ஒரு தாய். இறந்து சில ஆண்டுகளாயின. விடுபட்ட வரிகள் நினைவிலுண்டா என்று கேட்டேன். முதலிரு சொற்களைச் சொல்லி நிறுத்தினார்.

"அது பாட்டில்லைப் பிள்ளை. அந்த மனுசி அழுதது. நான் எழுதினனான், அவ்வளவுதான்."

பிறகு விசைப்பலகையைத் தம்பக்கம் இழுத்து, சிதைந்த ஏட்டுக்குப் பதிப்பாசிரியர் இடுவதுபோல், அவ்விடத்திற் பன்னிரண்டு வரிகளுக்குப் புள்ளியிட்டார். கோப்பைச் சேமித்தார். ஓசை எதுவும் எழவில்லை. சேமிபட்டதோ என்று என்னிடம் இருமுறை கேட்டார்.