கால் சுற்று

முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் சாலையோரம், வேப்பமரத்தடியில் ஒரு பைக் பட்டறை. காலை ஏழரை மணி. உப்பு லாரி கடக்கும்போதெல்லாம் தகரக் கூரை லேசாக அதிர்கிறது. சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். என் வண்டியின் முறை வர நேரமாகும்.

நடுவில் ஒரு பழைய 100 சிசி பைக் நிற்கிறது. ஸ்போக்கிலிருந்து செயின் கவர் வரை உப்புக்காற்று தின்ற வண்டி. அதன் சைலன்சரை எஞ்சின் ஹெட்டோடு பிடித்து நிறுத்துபவை இரண்டே ஸ்டட். அதில் ஒன்று உடைந்து, விரல் நகம் அளவுக்கு மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. வண்டிக்காரர் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். வெடித்த குதிகாலை மடக்கி மர நிழலில் குந்தியிருக்கிறார்.

"அண்ணாச்சி, பத்து மணிக்குள்ள கெடைச்சிருமா?"

"பாப்பம்" என்கிறார் மெக்கானிக். அறுபதைத் தொட்டவர். நேற்றிரவே மண்ணெண்ணெயில் எஞ்சின் ஆயில் கலந்து ஸ்டட்டின் அடியில் ஊறவிட்டிருக்கிறார். இப்போது துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்க்கிறார். அடியில் வெள்ளை மாவு, அதன் மேல் சிவந்த துரு. ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் உப்பீரத்தில் ஒட்டிக் கிடந்தால் சும்மா இருப்பதில்லை. அலுமினியம் மாவாக அரிபட்டு மரைக்குள் அடைகிறது. இரும்பு துருவாகி ஊதுகிறது. கரைந்த இரும்பைவிட அதிலிருந்து வந்த துருவுக்கு அதிக இடம் வேண்டும். அந்த நெருக்கம்தான் பிடி.

முதலில் உடையாத ஸ்டட். அதன் நட்டு ஸ்பேனருக்கு மறுப்பில்லாமல் வந்துவிட்டது. அதில் இரண்டு நட்டுகளை ஏற்றி, ஒன்றோடொன்று முட்ட முடுக்குகிறார். இப்போது இரண்டும் ஸ்டட்டோடு சேர்ந்து ஒரே போல்ட்டின் தலைபோல ஆகிவிட்டன. உள்பக்க நட்டில் ஸ்பேனரை மாட்டி இடப்பக்கம் திருப்ப, ஸ்டட் நட்டுகளோடு சுற்றி வெளியே வருகிறது.

மொட்டைக்கு அந்த வழி இல்லை. நட்டு ஏற மரையே இல்லை. உதவிக்கு இருக்கும் பையன், இருபது வயதிருக்கும், பெரிய கிரிப் பிளையரையும் இரண்டடி பைப்பையும் எடுத்துவருகிறான். பெரியவர் பைப்பின் மேல் கையை வைக்கிறார். அவன் அதைக் கீழே போட்டுவிடுகிறான்.

6 எம்.எம். ஸ்டட்டில் நட்டை முடுக்கத் தேவையான பலம், ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் ஒரு கிலோவைத் தொங்கவிட்ட அளவுதான். இரண்டடி பைப்பை ஓர் ஆள் அழுத்தினால் ஸ்டட் ஹெட்டோடு சமமாக முறிந்துவிடும். அப்புறம் நடுப்புள்ளி பிசகாமல் துளையிட வேண்டும். துளைக்குள் மாட்டித் திருகும் எக்ஸ்ட்ராக்டரும் உள்ளே முறிந்தால், அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் தொடவே தொடாது. ஹெட்டை இறக்கி லேத்துக்குத் தூக்க வேண்டும். நிழலில் குந்தியிருப்பவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

பெரியவர் அரத்தை எடுக்கிறார். மொட்டையின் இரண்டு பக்கமும் பிளையரின் வாய் பதியும்படி பட்டையாக ராவுகிறார். பிறகு சின்னச் சுத்தியலால் அதன் தலையில் டொக், டொக்கென்று தட்டுகிறார். ஆணி அடிக்கும் அடி அல்ல. தூங்குகிறவரை எழுப்பும் தட்டு. மரையின் இடுக்கில் கட்டிய துரு அந்த அதிர்வில்தான் விரிசல் விடும்.

அடுத்தது நெருப்பு. பெட்ரோல் டாங்கைக் கழற்றி மரத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார். கார்புரேட்டரில் மிஞ்சியதை வடித்து, அந்த டப்பாவையும் தள்ளி வைத்த பிறகே புளோ லாம்ப் எரிகிறது. சுடர் ஸ்டட்டில் படவில்லை. அதைச் சுற்றியுள்ள ஹெட்டில் வட்டமிடுகிறது. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். துளை அகலும், ஸ்டட் அந்த அளவுக்குப் பருக்காது. ஆனால் அலுமினியம் இரும்புபோலச் சிவந்து எச்சரிப்பதில்லை. 600 டிகிரியை நெருங்கும்போது நிறம் மாறாமலே இளகிவிடும். அதனால் அவர் விரலில் தண்ணீர் தொட்டுத் தெளிக்கிறார். துளி சீறி மறைகிறது. இன்னும் கொஞ்சம் சூடு. அடுத்த துளி உருண்டு துள்ளுகிறது. விளக்கை அணைக்கிறார்.

பிளையரைப் பூட்டுகிறார். கழற்ற வேண்டியவர், முதலில் முடுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அழுத்துகிறார். 'கிர்ச்.' பையன் நிமிர்கிறான்.

"கேட்டியால? இனிமே பைய."

இடப்பக்கம் கால் சுற்றுக்கும் குறைவு. கை இறுக்கத்தை உணர்ந்ததும் நிற்கிறது. வந்த வழியே பாதி திரும்பிப் போகிறார். ஒரு சொட்டு எண்ணெய். சூட்டில் அது லேசாகப் புகைந்து உள்ளே இழுபடுகிறது. மறுபடி இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். முன்னே போன தூரத்தைவிடப் பின்னே வருவது கொஞ்சம் கம்மி. அந்தக் கொஞ்சம்தான் லாபம். செங்கல் நிறக் குழம்பு மரை வழியே கசிகிறது. சத்தம் கரகரப்பிலிருந்து முனகலாகி, முனகலும் அடங்குகிறது. இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. நானும் மூச்சை அடக்கியே உட்கார்ந்திருக்கிறேன்.

வந்துவிட்டது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு துண்டு. வண்டிக்காரர் எழுந்து வந்து, ஆறிய பிறகு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார்.

ஹெட் ஆறியதும் 6 எம்.எம். டேப்பைத் துளைக்குள் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று மரையைச் சுத்தம் செய்கிறார். புதிய ஸ்டட்டில் அதே இரண்டு நட்டுகள். இப்போது ஸ்பேனர் வெளிப்பக்க நட்டில். அதற்கு முன் செம்புப்பொடி கலந்த கிரீஸை விரலால் எடுத்து மரை முழுக்கத் தடவுகிறார்.

"புது ஸ்டட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி?" பையன் கேட்கிறான்.

"நாளைக்கு எவன் கழட்டுவானோ, அவன் கைக்கு வரணும்லா."

பையன் இரண்டாவது ஸ்டட்டை எடுத்து, சொல்லாமலே கிரீஸ் டப்பாவைத் திறக்கிறான்.