முகத்தை விடுங்க, முழங்காலைப் பாருங்க!
நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொண்ணு படம் வரையாத ஆள் உங்க கிளாஸில் உண்டா? பெரிய கண், பறக்கிற கூந்தல், முடிஞ்சுது. அந்தக் கால அழகு வேணும்னா நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி எக்ஸ்ட்ரா. சிதம்பரம் போகிற வரைக்கும் நானும் அந்த கேஸ்தான்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் சொச்சம். ஏறும் முன்னே சாதா இங்க் பேனா, பிரஷ், கெட்டித் தாள் நோட்டு எடுத்துக்கோங்க. குட்டி பாட்டிலில் டீ டிகாக்ஷனும். குடிக்க இல்லீங்க!

நடராஜர் கோயில் கிழக்குக் கோபுர வாசலில் நுழைஞ்சதும் நில்லுங்க. இரண்டு பக்கச் சுவரிலும் அடுக்கடுக்காக நடனப் பெண்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள். கூடவே கிரந்த எழுத்தில் சுலோகங்கள். பத்மா சுப்ரமணியத்தின் கரண ஆராய்ச்சிக்குக் கைகொடுத்த சிற்பங்களில் இவையும் உண்டு.

நடக்கிறவங்களுக்கு வழிவிட்டு ஓரமா உட்கார்ந்து, ஒருத்தியை வரையுங்க. முகத்தில் ஆரம்பிச்சா மாட்டிப்பீங்க. சில முகங்கள் தேய்ஞ்சே போச்சு. ஆனாலும் அழகு குறையலை. அது மடங்கிய முழங்காலில் இருக்கு. ஒரு பக்கம் தள்ளிய இடுப்பில், மொத்த எடையையும் வாங்குற பாதத்தில் இருக்கு. இவங்க யாரும் நமக்கு போஸ் கொடுக்கலை. ஆடுறாங்க. அது புரிய எனக்கு நாலு பக்கம் வீணாச்சு.

இப்போ ஈர பிரஷ்ஷால் கோட்டை லேசாத் தொடுங்க. சாதா இங்க் கரைஞ்சு சாம்பல் நிழலா பரவும். காய்ஞ்சதும் மேலே டிகாக்ஷன். தாளுக்கு நூறு வயசு கூடிடும்.

அப்படியே சிவகாமி அம்மன் சந்நிதி மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்க. 17-ம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள். நாமும் இப்போ செஞ்சது இதைத்தானே, கோடும் நிறமும்! தாருகாவனத்து ரிஷிகளை மயக்க வந்த மோகினி அங்கே இருக்கா. கதைப்படி அவ திருமால். நளினம் என்பது பிறப்பா, பழகிக்கொள்வதா? ஹாஸ்டலில் விடிய விடிய சண்டை போடலாம்.

திரும்பும்போது கடலூர் பஸ்ஸில் செம கூட்டம். இடுப்பில் காலிக் கூடை, ஒரு கை கம்பியில், ஒரு முழங்கால் மடங்கி நின்னாங்க ஒரு அக்கா. கோபுர வாசலில் பார்த்த அதே நிலை! சட்டுனு நோட்டைத் திறந்தேன். பஸ் குலுங்கி, இடுப்புக் கோடு இழுத்துக்கிச்சு. இங்க் ஆச்சே, அழிக்கவும் முடியாது.

“என்னப்பா, என்னையா வரையுற?”ன்னு கேட்டாங்க. காட்டினேன்.

“கூடையை இன்னும் பெருசாப் போடு!”