ஞாயிறு மூடிய கடைகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி ஞாயிறும் உறங்காது. பஸ்ஸின் கோன் சத்தம், புடவைக் கடைக் கூட்டம், இடியப்பப் பார்சல், கடலோரம் ஓடும் ரயில். இந்த இரைச்சலில் வளர்ந்தவர் நோர்வேக்குப் போனால் குளிரைவிட முதலில் திணறடிப்பது அந்த ஊர் ஞாயிறுதான்.

பெரிய கடைகள் அன்று சட்டப்படி மூடியிருக்கும். 100 சதுர மீற்றருக்கு மேற்படாத மளிகைக் கடைகள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. நினைத்த நேரம் இறங்கிப்போய்ச் சாமான் வாங்கிய கால்கள் சனிக்கிழமையே யோசிக்கப் பழக வேண்டும்.

நம்மவர் நோர்வேக்குப் போவது புதிதல்ல: யாழ்ப்பாணம் குருநகரின் அன்ரனி இராஜேந்திரம் 1956 இலேயே அங்கே போனவர். 1980களில் போன இளைஞர்கள் பலர் வடகோடியில், பின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதே இல்லை. கொழும்பில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணிநேரப் பகல். அதை விட்டுப் போனவர்களுக்கு அந்த இருட்டு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

அவர்களில் பலர் அந்த ஞாயிற்றுக்கிழமை அமைதியைத் தேடிப் போகவில்லை; வன்முறைக்குத் தப்பிப் போனார்கள். 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன.

நோர்வேஜியர்களுக்கு ஞாயிறென்றால் காட்டுவழி நடை. பிளாஸ்கில் தேநீரும் கடலை வடையுமாக அந்த நடைக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பத்தில், பிள்ளைகள்தான் எப்போதும் முன்னால்.