சங்கம் கேட்ட பிள்ளைகள்

2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஒரு வாரம் தாங்கினால் பெரிது என்றுதான் என் வயதுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அம்பத்தூரிலும் பாடியிலும் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அங்கிருந்த சங்கங்களும் சேர்ந்தே முடிந்துபோனதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பெர்மனன்ட் ஆட்கள் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியேற, அதே மெஷின் முன்னால் கான்ட்ராக்ட் பிள்ளைகள் வந்து நின்றதையும் கண்டவர்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த கையோடு இருபது வயதில் வேலைக்கு வந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்க் கம்பெனி பஸ்ஸில் திரும்பி, வண்டித் தவணையும் வீட்டு வாடகையும் கட்டிக்கொண்டிருக்கும் பையன்களுக்குச் சங்கத்தைப் பற்றி யார் சொல்லியிருக்கப் போகிறார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2007இல் திறந்த அந்தத் தொழிற்சாலையில் அதுவரை சங்கம் என்ற ஒன்றே கிடையாது.

வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது.

நான் பாடியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்பது ரெக்கார்டில்தான். பி.எஃப். பென்ஷனை நம்பி வீட்டு வாடகை கொடுக்க முடியாது. அதனால் இப்போது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன டூல் ரூமில் ஜிக், ஃபிக்ஸ்சர் பழுது பார்க்கிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் அந்தத் தடத்தில் தினமும் போய்வருகிறவன் என்பதால் இந்தப் பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பேசுகிறோம். முதல் நாள் "ஐயா" என்பார்கள், ஒரு மாதத்தில் "அண்ணே" ஆகிவிடும், சங்கத்தில் சேர்ந்தவன் என்றால் "தோழர்."

என் வீட்டில் சங்கம் ரேஷன் கார்டு மாதிரி, எப்போதும் இருந்தது. தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பகுதி. அப்பாவும் அதே மில். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்திலேயே சந்தா பிடித்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. எட்டு மணி நேர வேலை, ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், கேண்டீன், போனஸ் எல்லாம் எனக்கு முன்னாலேயே யாரோ சண்டை போட்டு வாங்கி வைத்தவை. என் தலைமுறை அவற்றைக் காப்பாற்றப் பாடுபட்டது. அதுவும் சின்ன வேலையில்லை. சார்ஜ் ஷீட்டும் டொமஸ்டிக் என்கொயரியுமாக எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பதை நான் அறிவேன். ஆனால் இல்லாத ஒன்றை முதலிலிருந்து உண்டாக்குவது வேறு வகையான வேலை. அதைச் செய்தவர்களை நான் புத்தகத்திலும் தாத்தாவின் பேச்சிலும் மட்டுமே சந்தித்திருந்தேன். இந்த வயதில் நேரில் பார்க்கக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

வேலைநிறுத்தத்தின்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குப் போனேன். தார்ப்பாய்க்குக் கீழே கம்பெனிச் சட்டையோடு நூற்றுக்கணக்கான பேர். ஓரத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பத்துப் பன்னிரண்டு கைபேசிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. முப்பதைத் தொடும் வயதுள்ள ஒரு பையன் நீளமான நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வருகைப் பதிவு என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். மூன்று பத்தி கோடு போட்டிருந்தான். முதலில் பெயர், அடுத்தது தவணைத் தேதி, கடைசியில் கொடுத்த தொகை. யாருக்கு எந்தத் தேதியில் வண்டி டியூ, யார் மகளுக்கு எப்போது ஸ்கூல் ஃபீஸ், யார் மனைவிக்கு இது எட்டாவது மாதம் என்றெல்லாம் பென்சிலில் குறித்திருந்தான். வெளியிலிருந்து வருகிற உண்டியல் காசையும் மற்றக் கம்பெனிச் சங்கங்கள் தருகிற பணத்தையும் எந்த வரிசையில் கொடுப்பது என்று முடிவு செய்ய அந்த நோட்டு. "யாரும் கேக்க மாட்டாங்க தோழர். கேக்க வெக்கப்படுவாங்க. அதனால நாமளே தேதி பாத்துக் குடுத்துரணும்" என்றான். எங்கள் காலத்துப் போராட்டங்களிலும் நிவாரணம் உண்டு. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தோம். கேட்காதவனைத் தேதி வைத்துத் தேடிப்போகும் நோட்டை நான் அங்கேதான் பார்த்தேன்.

அதே பையன் தொழிற்சங்கச் சட்டத்தைக் கைபேசியில் வைத்திருந்தான். 1926ஆம் வருடத்துச் சட்டம். குறைந்தது ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும், பத்து சதவீதம் அல்லது நூறு தொழிலாளர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் பதிவு கோரலாம் என்ற பிரிவை எனக்கே படித்துக் காட்டினான். "நம்மகிட்ட ஆயிரத்துக்கு மேல இருக்காங்க. அப்புறம் என்ன தோழர் தடை?" தடை, பெயரில் இருந்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்று வரக்கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. தினமும் அந்தப் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு, தன் சங்கத்தில் அந்தப் பெயரை எழுத உரிமை இல்லை என்று சொல்லப்பட்டது. சம்பள உயர்வும் கேட்டார்கள், ஆனால் முதல் கோரிக்கையாக நின்றது சங்கத்துக்கு அங்கீகாரம்தான்.

அக்டோபர் தொடக்கத்தில், சங்கத்தில் இல்லாத ஒரு தொழிலாளர் குழுவோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டு, மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. மார்ச் வரைக்கும். ஒரு மாதச் சம்பளத்தை இழந்து நின்ற வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் டீக்கடையில் ஒரு பையன் சொன்னான்: "அந்தக் காசு மார்ச்சோட முடிஞ்சிரும்ணே. சங்கம் முடியாது." யாரும் எழுதிக் கொடுத்த பேச்சு இல்லை அது. டீ கிளாஸைக் கழுவி வைத்துக்கொண்டே சொன்னான்.

இதற்கு அரசியல் என்ற பெயரைத் தயங்காமல் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பந்தலில் எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டவர்கள் இருந்தார்கள். ஆளுங்கட்சிக்குப் போட்டவன் அமைச்சர்களின் சமாதானப் பேச்சை ஒரு மாதிரி கேட்டான்; கூட்டணிக்குள்ளேயே இருந்த மார்க்சிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் தொழிலாளர் பக்கம் நின்றதை வேறு மாதிரி பார்த்தான். பேரணி போகக் கிளம்பிய நூறு பேருக்கு மேல் கைதானார்கள். அக்டோபரில் பந்தலைப் போலீசார் பிரித்தார்கள். பிள்ளைகள் மழையில் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சி எப்போது பேசும், எப்போது மௌனமாகும் என்பதை மேடைப் பேச்சில் கற்றுக்கொள்ள முடியாது. அவர்கள் அங்கே கற்றார்கள். அவர்களில் சிலர் 2023ஐயும் ஞாபகம் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் ஏப்ரல் 21ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே 1ஆம் தேதி திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். "பாஸான சட்டமே பத்து நாள்ல திரும்பிச்சு" என்று ஒருவன் விரல் மடக்கிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இதே பெங்களூர் நெடுஞ்சாலையில்தான் 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போன பிறகு நடந்தது அது. இருபதைத் தாண்டியதும் தாண்டாததுமான பிள்ளைகள், சங்கம் இல்லை, தலைவர் இல்லை, நெடுஞ்சாலையை மறித்துவிட்டார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்து ஜனவரியில்தான் திறந்தது. சாம்சங் பையன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். மறக்கக்கூடாது. இந்தத் தொழில்பேட்டைகளில் வாய் திறக்க முடியும் என்று முதலில் காட்டியவர்களில் அவர்கள் உண்டு.

சாம்சங் சங்கத்தின் கதை போலவே, தாத்தாவின் மில்லில் சங்கத்தின் கதையும் கோர்ட்டு வழியாகத்தான் போனது. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணை நிற்க, செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பாடுபட்டு மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கினார்கள். பின்னி நிர்வாகம் 1920இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையாணை வாங்கியது. தொழிலாளியை வேலைநிறுத்தத்துக்கு அழைப்பதே ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிற குற்றம் என்று வாதிட்டார்கள். நஷ்டஈடும் கேட்டார்கள். சங்கம் வைத்தவனைச் சட்டம் காக்க வேண்டும் என்ற குரல் அதிலிருந்து வலுத்துத்தான் 1926 சட்டம் வந்தது. நூறு வருடம் கழித்து அதே சட்டத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அதே நீதிமன்றத்துக்கு இந்தப் பிள்ளைகள் போனார்கள். 2024 டிசம்பரில், பதிவு குறித்துக் கெடுவுக்குள் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி கடைசி வாரத்தில் சங்கம் பதிவானது, சாம்சங் என்ற பெயரோடேயே.

பதிவோடு முடியவில்லை. பிப்ரவரியில் நிர்வாகிகள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், மறுபடி உள்ளிருப்பு, மறுபடி பேச்சுவார்த்தை. மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது: மூன்று ஆண்டுகளில் 18,000 முதல் 23,000 ரூபாய் வரை உயர்வு. செய்தி வந்த அன்று எங்கள் டூல் ரூமில் லேத் ஓட்டுகிற பையன் மெஷினை நிறுத்திவிட்டு அந்த எண்ணை இரண்டு முறை படித்தான். அவனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

எனக்குள்ள கவலையையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1926 சட்டம் அவற்றில் கரைந்துவிட்டது. எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300க்குப் போய்விட்டது. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் வேறொன்று. 1921இல் பின்னியில் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம் தொழிலாளி பிரிந்ததால்தான் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம் என்று ஆகி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தாத்தா எல்லாக் கதையும் சொல்வார், அந்த மாதங்களைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். இன்று பெர்மனன்ட், கான்ட்ராக்ட், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்று ஒரே லைனில் நாலு வகை ஆள் நிற்கிறான். பெர்மனன்ட் வெளியே உட்கார்ந்தால் மற்றவர்களை வைத்து உற்பத்தியை ஓட்டலாம் என்று நினைக்கிற நிர்வாகங்கள் இருக்கின்றன. சங்கம் இந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் வென்றதெல்லாம் சுருங்கிவிடும்.

இதை நான் எடுத்துச் சொல்வதற்கு முன்னாலேயே அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் புதிதாகச் சங்கம் வைத்திருக்கிற பிள்ளைகள் போன வாரம் எங்கள் டூல் ரூம் வாசலில் இதைத்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "அவங்க நம்ம ரோல்லயே இல்லியே, எப்பிடிச் சேக்கறது?" என்றான் ஒருவன். "ரோல்ல இல்ல, லைன்ல எங்க நிக்கறான்? உன் பக்கத்துலதானே?" என்றான் இன்னொருவன், நிறைமாதக்காரி மாதிரி வீங்கிய ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. கான்ட்ராக்ட் தொழிலாளருக்குக் குறைந்த சந்தா, பொதுக்குழுவில் அதே ஓட்டு என்று ஒரு தீர்மானத்தை எழுதிவந்திருந்தான். எதிர்த்துப் பேசியவன் சளைக்கவில்லை: அவர்களைச் சேர்த்த மறுநாளே ஒப்பந்தக்காரர் அவர்களை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு என்றான். கேட்கத்தான் வேண்டும் அந்தக் கேள்வியை. என்னையும் கருத்துக் கேட்டார்கள். ஆளை நிறுத்தினால் என்ன செய்வது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள், நிவாரண நிதியில் அவர்களுக்கு முதல் பங்கு என்று போடுங்கள் என்றேன். அங்கேயே மெஷின் பெஞ்சில் வைத்து எழுதிக்கொண்டான்.

வருகிற ஞாயிறு ஜெனரல் பாடியில் அது ஓட்டுக்கு வருகிறது. தோற்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவனே சொல்கிறான். தோற்றால் அடுத்த ஜெனரல் பாடிக்கு மறுபடி கொண்டுவருவானாம்.