கண்ணுக்குப் புலப்படாத வழு

தில்லி மந்திர் மார்க்கில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் பயிலும் குழந்தைக்குக் 'கொ' என்பது ஓரெழுத்து. 247 எழுத்துகளுள் ஒன்று. கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களை வரைந்தாலும் குழந்தை அதை ஒன்றென்றே எண்ணும்.

கணினி அவ்வாறு எண்ணுவதில்லை. ஒருங்குறியில் 'கொ' இருவகையாக அமையலாம். ககரத்துடன் ஒகரக் குறி ஒன்று சேரலாம். அல்லது எகரக் குறியும் காலும் தனித்தனியே சேரலாம். ஆகவே, இலக்கணப்படி 2 எழுத்துகளைக் கொண்ட 'கொடி' என்னும் சொல்லின் நீளம் பைத்தானில் 4 ஆகவும் வரலாம், 5 ஆகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. சொல்லடைவு தொகுக்கும் நிரலோ அவற்றை இருவேறு சொற்களாகப் பதிவு செய்யும். பிழைச்செய்தி எதுவும் எழாது. அட்டவணை மட்டும் பொய்யாகும். அதன்மீது எழுப்பப்படும் ஆய்வு முடிவும் உடன் சாயும்.

இவ்வழுவை அச்சிட்டுப் பார்த்துக் கண்டறிய முடியாது. அச்சிலும் அதே வடிவந்தான். நிரல் எழுதும் தொகுப்பியினுள்ளேயே வழுநீக்கம் செய்வதன் பயன் இங்குதான் விளங்கும். ஈமாக்ஸ் நெடுங்காலமாக ஜிடிபியைத் தன்னுள் இயக்கி வருகிறது. விம் 2018இல் வெளியான 8.1 பதிப்பில் அவ்வசதியைச் சேர்த்துக்கொண்டது. விஎஸ் கோடில் வரியின் இடவோரத்தைச் சொடுக்கினால் போதும், நிறுத்தப்புள்ளி விழும். ஐயத்துக்குரிய சொல் வரும்போது மட்டும் நிற்குமாறு அதற்கு நிபந்தனையும் இடலாம். நின்ற இடத்தில் மாறியின் மதிப்பை வெறுமனே பார்ப்பது போதாது. அங்கும் எழுத்துரு கண்ணை ஏமாற்றும். அச்சொல்லைக் குறியெண்களாக விரித்துக் காட்டுமாறு கண்காணிப்புப் பகுதியில் கேட்கவேண்டும். 4க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு உடனே வெளிப்படும்.

தீர்வு எளிது: உரையைப் படித்தவுடன் ஒருங்குறிச் சீராக்கம் செய்வது. ஆனால் 'கௌ' என்பதைக் 'கெ', 'ள' எனத் தட்டச்சு செய்திருந்தால் சீராக்கம் அதைத் தீண்டாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெள்ளம்', 'கெளுத்தி' ஆகிய நல்ல சொற்களும் சிதையும். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதை வழுநீக்கி சொல்லாது. நிரலை உரிய இடத்தில் நிறுத்திக் காட்டும், அவ்வளவே. அதற்கு மேற்பட்டது தமிழறிந்தவர் செய்யவேண்டிய முடிவு.